எழுதாமல் நடக்கும் பாடம்

கனிஷ்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போன வாரம் கதையை அந்த இடத்தில் விட்டேன். அதிலிருந்து இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வல்லம் வடகாலில் ஒரு பிரேக் பைப் கம்பெனி. அதில் பகலவன் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். அவன் தங்கை கனிஷ்கா பிளஸ் டூ முடித்த கையோடு அதே லைனில் ட்ரெய்னியாகச் சேர்ந்தவள். அவன் மனைவி ஷாரோன் எம்.எட். படிக்கிறாள். கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக வரப்போகும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் எழுதித் தரும் வேலையும் அவளிடம்தான் இருக்கிறது. இந்த மூவருக்கும் சோறு போட்டு, மூவரையும் திட்டும் பொறுப்பு கோவிந்தம்மாவுடையது. பகலவனையும் கனிஷ்காவையும் பெற்றவள் அவள்தான்.

கனிஷ்காவின் கையைத் தாண்டிப் போன பைப்புகளில் சிலவற்றுக்குக் கிளிப் சரியாக உட்காரவில்லை. கார் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பைக் கண்டால் லைனை நிறுத்துவதற்கு அவள் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு ஸ்டாப் பட்டன் இருக்கிறது. ஏன் அமுக்கவில்லை என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. முடிவு சொல்லும்வரை வீட்டில் இரு என்றார்கள்.

வீட்டிலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பகலவன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க விடியும்போதே போய்விட்டான். காலையில் அவனுக்கு வைத்த இட்லி அப்படியே இருந்தது.

"ரெண்டும் ஒண்ணா சாப்பிடாம கெடக்குதுங்க. எனக்கு இன்னா, மாட்டுக்குப் போடுறேன்" என்றாள் கோவிந்தம்மா. மாடு விற்று ஏழெட்டு வருடமாகிறது. கோபம் வந்தால் அவளுக்கு அந்த மாடு ஞாபகம் வந்துவிடும்.

ஷாரோன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எதிரே விரித்து வைத்திருந்த தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கல்லூரியில் அவளுக்கு செமினார். கலைத்திட்டக் கோட்பாடும் வரலாறும் என்பது தலைப்பு. பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது, எதை விடுவது, அதை யார் முடிவு செய்வது என்று காலம் காலமாக நடந்துவந்த சண்டையின் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் படித்தால் ஷாரோனுக்கு மண்டையில் ஏறாது. காதில் விழ வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். கேட்பதற்கு எப்போதும் கனிஷ்கா இருப்பாள். நடுநடுவே "போரடிக்குது அண்ணி" என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை கேட்பாள்.

இன்று கனிஷ்கா உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"மெட்ராஸ் மாகாணத்துல வெள்ளைக்காரன் காலத்துல, பள்ளிக்கூடத்துக்கு மானியம் எப்படிக் கொடுத்தாங்கன்னா, இன்ஸ்பெக்டர் வருவாரு. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வைப்பாரு. எத்தனை பேர் தேறுறாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி பணம்."

கத்தி நின்றது. அடுத்த வரியைத் தேடி மறுபடி படித்தாள்.

"அதனால இன்ஸ்பெக்டர் எதைக் கேப்பாரோ அதை மட்டும்தான் வாத்தியாருங்க நடத்தினாங்க. வருஷம் முழுக்க அதையேதான் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. கலைத்திட்டத்துல எது இருந்தாலும் சரி, வகுப்புல நடந்தது இன்ஸ்பெக்டரோட கேள்விதான்."

"எங்க லைன்லயும் அப்படித்தான் அண்ணி."

உள்ளே இருந்து குரல் வந்தது. இரண்டு நாளில் அந்தப் பெண் பேசிய முதல் வாக்கியம். கோவிந்தம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்க, பேசாமல் இருங்கள் என்று ஷாரோன் கையைக் காட்டினாள்.

எழுந்து போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எப்படி?"

கனிஷ்கா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"லைன் நின்னா எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு போர்டுல எழுதுவாங்க. லைன் பேரு, சூப்பர்வைசர் பேரு, நின்ன நிமிஷம். காலையில மீட்டிங்குல அதைத்தான் பாப்பாங்க. யாரு லைன் கம்மியா நின்னுச்சோ அவங்களுக்குக் கை தட்டுவாங்க."

"சரி."

"ட்ரெய்னிங் ரூம்ல பட்டனைப் பத்தி சொல்லிக் குடுத்தாங்க. தப்புன்னா உடனே அமுக்கு, பயப்படாதன்னு. நானும் சரின்னு தலையாட்டினேன். லைனுக்கு வந்த மொத நாளே வேற சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு. நான் வந்து பாத்து சொல்றேன். அதுக்கப்புறம் அமுக்கலாம்னு."

யார் சொன்னது என்று ஷாரோன் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அந்த லைனுக்கு ஒரே சூப்பர்வைசர்தான்.

"கூப்பிட்டியா?"

"கூப்ட்டேன் அண்ணி." இப்போதுதான் கனிஷ்கா எழுந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "கிளிப்பு சரியா உக்காரலன்னு தெரிஞ்சுது. கூப்ட்டேன். அவரு அந்தக் கோடில நின்னுகினு இருந்தாரு. சத்தம் வேற. மறுபடி கூப்ட்டேன். அதுக்குள்ள பைப்பு மேல மேல வந்துகினே இருந்துச்சு. நான் இன்னா பண்ணுவேன்?"

"கேக்கலையா அவருக்கு?"

"சார் சார்னு கூப்ட்டேன். அங்க எல்லாருமே சார்னுதான் கூப்புடுவாங்க. யாரோன்னு நெனைச்சிருப்பாரு." அவள் குரல் உடைந்தது. "கம்பெனிக்குள்ள அண்ணான்னு கூப்பிடக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு. தங்கச்சின்னு சலுகை காட்றான்னு பேர் வரக் கூடாதாம். அண்ணான்னு ஒரு தடவை கூப்ட்டிருந்தா திரும்பியிருப்பாரு அண்ணி."

ஷாரோன் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எதன்மேல் கோபம் என்றுதான் உடனே தெரியவில்லை.

"இதை ஏன் ஆபீஸ்ல சொல்லல?"

"அண்ணனுக்கு இந்த மாசம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பிரமோஷன் வரப் போகுது. நான் போயி அவர்தான் சொன்னாருன்னு சொல்லணுமா? எனக்கு வேலை போனா வேற வேலை கெடைக்கும்."

கதவருகில் நின்றிருந்த கோவிந்தம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. மகனைத் திட்டுவதா, மகளைத் திட்டுவதா என்று தெரியாமல் மருமகளைத் திட்டினாள்.

"அதான் நீ இன்னிக்கி மேனேஜரைப் பாக்கப் போறியே. இன்னாத்துக்கு இவ்ளோ படிக்கிற? கால்ல வுழுந்தாவது புள்ளைய உள்ள சேத்துட்டு வா. ஆனா பகலவன் பேரு வெளிய வரக் கூடாது. சொல்லிட்டேன்."

"ரெண்டும் எப்படி அத்தை முடியும்?"

"அதுக்குத்தான படிக்கிற!"

கோவிந்தம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்த ஊரில் இல்லை. ஷாரோன் பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அன்று பதினொரு மணிக்குக் கம்பெனியில் அவள் தன் பாடத்திட்டத்தை மேனேஜருக்கு விளக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் திங்கட்கிழமை பிளஸ் டூ முடித்த புது பேட்ச் வரும். அவளுக்கும் பயிற்சியாளர் என்று நிரந்தர வேலை கிடைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. சுங்குவார்சத்திரத்தில் தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் இடுக்கில் வண்டியை நுழைத்துப் போகும்போது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பாடத்திட்டத்தை அவள் எப்படி எழுதினாள் தெரியுமா? லைனில் போய் நின்று, ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நோக்கம் எழுதி, அதைச் சோதிக்க ஒரு கேள்வியும் எழுதினாள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் இப்படித்தான் ஆரம்பித்தார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். தொழிற்சாலைக்குப் பாடத்திட்டம் எழுத இதைவிடப் பொருத்தமான வழி எது என்று பெருமைகூடப் பட்டாள். "பிழையைக் கண்டால் பயிற்சி பெறுபவர் உடனே லைனை நிறுத்துவார்" என்பது அவள் கைப்பட எழுதிய நோக்கம்தான். கனிஷ்காவுக்குப் பழைய பாடத்திட்டத்தில் சொல்லிக் கொடுத்ததும் இதுவேதான். எழுதியவர்கள் மட்டும் வேறு.

திங்கட்கிழமை வரப்போகும் பிள்ளைகளும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். லைனுக்குப் போன முதல் நாளே வேறு பாடம் ஆரம்பித்துவிடும்.

கம்பெனி கேன்டீனில் டீ நேரம். ட்ரெய்னிப் பெண்கள் தனி மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஷாரோன் தன் டீயை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் உட்கார்ந்தாள். கனிஷ்கா லைனைச் சேர்ந்தவர்கள் யாரும் அதில் இல்லை.

"லைனுக்கு வந்த முதல் நாள் உங்க சூப்பர்வைசர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்திதான் முதலில் சிரித்தாள்.

"எதைக் கேக்கிய அக்கா? பட்டனையா?"

"பட்டனைத்தான்."

"சந்தேகம்னா பீஸைத் தனியா எடுத்து வை, லைனை மட்டும் நிறுத்திராதன்னு சொன்னாவ."

"எங்க லைன்ல, மொதல்ல கையைத் தூக்குன்னு சொன்னாங்க" என்றாள் இன்னொருத்தி.

"நான் ஒருக்கா அமுக்கிட்டேன்" என்றாள் எழிலரசி என்ற மெலிந்த பெண். "அவரு ஒண்ணும் திட்டல. ஆனா அன்னிக்கி முழுக்க என்கிட்ட பேசல. மத்தவங்களும் பேசல. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே கை வெக்கல."

ஷாரோன் டீயைக் குடிக்காமலே எழுந்தாள். தன் கணவன் ஒருவன் மட்டும் செய்த தப்பில்லை என்று தெரிந்ததில் ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது உண்மைதான். அடுத்த நிமிடமே அது இன்னும் மோசம் என்று புரிந்தது. ஒருவன் செய்தால் திருத்திவிடலாம். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் செய்கிறார்கள் என்றால் யாரோ அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வழியில் பகலவன் நின்றிருந்தான். நீலச் சட்டை, தொப்பி, காலையிலிருந்து சாப்பிடாத முகம்.

"ரெடியா?" என்றான்.

"கனி உங்களைக் கூப்பிட்டிருக்கா. அன்னைக்கு."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். "இங்க வேணாம் ஷாரோன்."

"கூப்பிட்டது தெரியுமா தெரியாதா?"

"அப்ப தெரியாது. பிற்பாடு யோசிச்சேன். யாரோ கூப்ட்டாங்கன்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினான். "நான் ஏற்பாடு பண்ணிட்டேன். இருங்காட்டுக்கோட்டைல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன். அவளை அங்க சேத்துடலாம். சம்பளம் இதே அளவுதான் வரும். நீ இன்னிக்கி உன் வேலையை மட்டும் பாரு."

"தப்பு பண்ணி வெளிய போனவன்னு பேரோட போவாளா?"

"யாரு கேக்கப் போறாங்க?"

"அவ கேப்பா. தினம் தன்னையே கேட்டுக்குவா."

பகலவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் பக்கமிருந்து யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். அவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். இரண்டு நாளாக யார் சார் என்றாலும் அப்படித்தான் திரும்புகிறான் என்று ஷாரோனுக்குப் பட்டது. கோபத்துக்கு நடுவிலும் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நிற்காமல் நடந்தாள்.

வெங்கட்ரமணன் பயிற்சிப் பிரிவுக்கு மேனேஜர். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். நெற்றியில் மெல்லிய கோடாகத் திருமண், கையில் எப்போதும் ஒரு பிளாஸ்க். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் ஸ்லைடில் பார்த்தால்தான் நம்புவார்.

"ஆரம்பிம்மா" என்றார்.

ஷாரோன் லேப்டாப்பைத் திறக்கவில்லை.

"சார், நான் எழுதினது சரியில்ல. திங்கட்கிழமை இதை நடத்த வேணாம்."

அவர் பிளாஸ்க்கின் மூடியைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார். "என்னம்மா இது? நேத்து ராத்திரி மெயில்ல பாத்தேன். பிரமாதமா இருக்கே."

"எழுத்துல பிரமாதமாத்தான் இருக்கும் சார். வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நோக்கம் எழுதிட்டேன். நூறு வருஷமா இப்படித்தான் எழுதறாங்க. ஆனா அதுக்கப்புறம் வகுப்புல போய் உக்காந்து பாத்தவங்க வேற ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. புத்தகத்துல இருக்கிறது ஒரு பாடம். அந்த இடத்துல இருந்து இருந்து பிள்ளைங்க கத்துக்கறது இன்னொரு பாடம். ரெண்டாவதை யாரும் எழுத மாட்டாங்க. ஆனா தினம் நடக்கும். அதுக்கு மறைமுகக் கலைத்திட்டம்னு பேரு."

"சரி. நம்ம கம்பெனில என்ன மறைஞ்சிருக்கு?"

"ஸ்டாப் பட்டனை அமுக்காதங்கிற பாடம்."

வெங்கட்ரமணன் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போர்டில் எழுதும் நிமிடங்கள், காலை மீட்டிங்கில் தட்டும் கை, முதல் நாள் ஒவ்வொரு லைனிலும் சொல்லப்படும் வாக்கியம், பட்டனை அமுக்கிய பெண்ணோடு ஒரு நாள் முழுக்க யாரும் பேசாதது. எழிலரசியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"நாம பேப்பர்ல தெளிவா எழுதியிருக்கோமேம்மா. பட்டனை அமுக்குன்னு. கையெழுத்தும் வாங்கியிருக்கோம்."

"எழுதியிருக்கோம் சார். ஆனா எண்ணிப் பாக்கறது நின்ன நிமிஷத்தைத்தானே? நாம எதை எண்ணறோமோ அதைத்தான் அவங்க நடத்துவாங்க. கனிஷ்கா பாடத்தை மறக்கல சார். ரெண்டு பாடம் நடந்துச்சு. ரெண்டாவதைச் சரியா கத்துக்கிட்டா. அதுக்குத்தான் வெளிய நிக்கறா."

வெங்கட்ரமணன் மேனேஜர்கள் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எந்த சூப்பர்வைசர் அப்படிச் சொன்னது?"

"எல்லாரும்தான் சார். ஒரு பேரைச் சொன்னா ஒருத்தரை மாத்துவீங்க. வர்றவரும் அதையேதான் சொல்லுவாரு."

"கனிஷ்கா கேஸ்ல யாரு?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். ஷாரோனுக்குக் காலையில் மாமியார் சொன்னது, வழியில் புருஷன் சொன்னது, வரப்போகும் பயிற்சியாளர் வேலை, எல்லாம் ஒரே நேரத்தில் மனசில் வந்து நின்றன. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்தப் பெண்ணின் முதுகும் வந்தது.

"என் வீட்டுக்காரர் சார்."

அவர் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கி மூடினார்.

"உங்களுக்கு தைரியம் ஜாஸ்திம்மா" என்றார் வெங்கட்ரமணன். பாராட்டா, எச்சரிக்கையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஒண்ணு கேக்கணும் சார். திங்கட்கிழமை பிளஸ் டூ பிள்ளைங்க வேணாம். அவங்க ஒரு வாரம் கழிச்சு வரட்டும். முதல் பேட்ச் சூப்பர்வைசருங்கதான். கத்துக் குடுக்கறவங்க மாறாம கத்துக்கறவங்களை மட்டும் எத்தனை தடவை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, அந்த போர்டுல நிமிஷம் எழுதறதை நிறுத்தணும்."

"போர்டு என் கையில இல்ல. அது பிளான்ட் ஹெட் சமாச்சாரம், மொத்த ஃபேக்டரிக்கும் அவர்தான்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சூப்பர்வைசர் கிளாஸ் என்னால போட முடியும். போடறேன். கனிஷ்கா விஷயம்தான் சிக்கல். நீங்க சொல்றதெல்லாம் ட்ரெய்னிப் பொண்ணுங்க சொன்னது. அவங்க பேச்சை வெச்சு நான் மேல போய்ப் பேசினா, தப்பிக்கறதுக்குச் சொல்லுதுங்கன்னுவாங்க."

"அப்ப?"

"திங்கட்கிழமை கிளாசுக்கு பிளான்ட் ஹெட்டையும் வந்து உக்காரச் சொல்றேன். பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுன்னு நான்தான் சொன்னேன்னு, ஒரே ஒரு சூப்பர்வைசர் தன் வாயால சொல்லட்டும். அந்தப் பொண்ணு அன்னைக்கே வேலைக்கு வரலாம். யாரும் சொல்லலன்னா தப்பு அவளுதுன்னே ஃபைல்ல போயிடும். என்னால அவ்வளவுதான் முடியும்மா."

பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சந்தோஷப்படுவதா, நடுக் கிணற்றில் நிற்கிறோம் என்று பயப்படுவதா? ஷாரோன் இரண்டையும் செய்யவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, திங்கட்கிழமைக்கு என்ன நடத்துவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் குணம் அப்படி.

அவள் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. கம்பெனியில் பேச்சு பஸ்ஸைவிட வேகமாகப் போகும். கோவிந்தம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லிட்டியாமே!"

"சொல்லிட்டேன் அத்தை."

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா செஞ்சிகினு வந்துகீற? ஒண்ணு வூட்ல குந்திகினு கீது. இன்னொண்ணையும் குந்த வெக்கப் போறியா?"

"குந்தினது உங்க பொண்ணு அத்தை. தப்பு பண்ணாம."

கோவிந்தம்மா மேலே ஏதோ சொல்ல வந்தாள். உள் அறைப் பக்கம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவிழ்ந்திருந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள். பிறகு மருமகளுக்குக் காபி போடப் போனாள். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு: கோபம் தீரவில்லை, ஆனால் நியாயம் உன் பக்கம் என்று அர்த்தம்.

பகலவன் சாயங்காலம் வந்தான். சாப்பாட்டு டப்பாவை வைத்தான். சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"திங்கக்கிழமை உன் கிளாசுக்கு நான் வரணுமாம். லிஸ்ட்ல என் பேர்தான் மொதல்ல கீதாம். பசங்க பஸ்ல பாட்டு பாடிக் கிண்டல் பண்ணிகினே வரானுங்க, பொண்டாட்டிகிட்ட ஹோம் வொர்க் காட்டணும்னு."

ஷாரோனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"இருக்காதா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"உங்களைக் கூப்ட்டுட்டு அப்புறம் அமுக்கணுமா?"

அவன் சட்டென்று அவளைப் பார்த்தான். பார்வையை விலக்கிக்கொண்டான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கோவிந்தம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணும் கெட்ட எண்ணத்துல சொல்லல ஷாரோன். நான் லைனுக்கு வந்தப்ப எனக்கும் இப்படித்தான் சொன்னாங்க. புதுசா வர்ற புள்ளைங்க சும்மா சும்மா அமுக்கும், நீ பாத்து சொல்லுன்னு. நான் அதையே சொன்னேன். அது தப்புன்னே எனக்குத் தோணல."

"தெரியும். அதனாலதான் உங்க மேல எனக்கு முழுசா கோவம் வரல."

கனிஷ்கா உள் அறையின் வாசலில் வந்து நின்றாள். இரண்டு நாள் கழித்துத் தலை வாரியிருந்தாள்.

"அண்ணா, எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். நான் இருங்காட்டுக்கோட்டைக்கே போறேன்."

வீட்டில் அவனை அண்ணா என்று அவள் கூப்பிடாத நாளே இல்லை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் பகலவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தான். கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கி அவ என்னைக் கூப்புடாம நேரா பட்டனை அமுக்கியிருந்தா, நான் இன்னா பண்ணியிருப்பேன்னு நெனைக்கிற?" என்று மனைவியைக் கேட்டான்.

"திட்டியிருப்பீங்க."

"ஆமா." தலையாட்டினான். "தங்கச்சியாச்சேன்னு ரெண்டு மடங்கு திட்டியிருப்பேன்."

"அதையும் சேத்துச் சொல்லுங்க. திங்கட்கிழமை, எல்லார் முன்னாடியும்."

"பிளான்ட் ஹெட் இருப்பாரு."

"இருப்பாரு."

"சொன்னா ஷிஃப்ட் இன்சார்ஜ் கெடையாது. இருக்கற லைனும் என்கிட்ட இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுகினுதான் கேக்கறியா?"

ஷாரோன் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."